டிகாஷன் தண்ணியாகவும் கசப்பாகவும் இறங்குவது ஏன்?

எந்தப் பொடி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு பிராண்டு மாற்றிப் பார்த்தாகிவிட்டது, டிகாஷன் தண்ணியாகவே இறங்குகிறது, பால் கலந்தால் சாம்பல் பூத்த நிறம் வருகிறது, ஆனால் குடித்து முடித்ததும் நாக்கில் கசப்பு நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாலாவதாக வாங்கிய சிக்கரி கலக்காத பொடியில் இன்னும் மோசமாக வந்ததாம். நீங்கள் போடும் அளவையும் சொல்லியிருப்பது நல்லதாகப் போயிற்று: குவித்து மூன்று டீஸ்பூன் பொடி, மேல் பாத்திரம் நிறையக் கொதிக்கும் தண்ணீர், அதிலிருந்து மூன்று டம்ளர் காப்பி. இதையெல்லாம் சேர்த்துப் படித்தால் கேள்வி பொடியைப் பற்றியதாகத் தெரியவில்லை. ஒரே டிகாஷன் எப்படித் தண்ணியாகவும் கசப்பாகவும் இருக்க முடியும் என்பதுதான் விஷயம். கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தினம் காதில் விழும் புகார். பத்தில் எட்டுப் பேருக்காவது பொடியில் குற்றம் இருக்காது.

கெட்டியாக இருப்பது வேறு, கசப்பாக இருப்பது வேறு. முதலாவது, டிகாஷனில் எவ்வளவு சாரம் கரைந்திருக்கிறது என்பது. இரண்டாவது, பொடிக்குள் இருந்ததில் எதெல்லாம் கரைந்து வந்தது என்பது. தண்ணீர் பட்டதும் பொடியில் உள்ள எல்லாமே ஒரே நேரத்தில் இறங்கிவிடுவதில்லை. மணமும் லேசான புளிப்பும் முதலில் வரும், இனிப்பும் உடம்பும் (வாயில் உணரும் கனம்) அடுத்து வரும், கடைசியில் எஞ்சியிருக்கும் கசப்பும் துவர்ப்பும் மெல்லக் கரையும். கொஞ்சம் பொடியில் நிறையத் தண்ணீர் விட்டால், முதலில் வந்த நல்ல சாரத்தை அந்தத் தண்ணீரே நீர்த்துப் போகச் செய்துவிடும். அதோடு நிற்காமல், பொடியின் அடிவரைக்கும் அலசி வேண்டாததையும் இழுத்து வந்துவிடும். தண்ணியாகவும் கசப்பாகவும் ஒரே சமயத்தில் ஆவது இப்படித்தான்.

உங்கள் அளவையே கணக்குப் போட்டுப் பாருங்கள். குவித்த ஒரு டீஸ்பூன் காப்பிப் பொடி மூன்றரை, நாலு கிராம் இருக்கும். மூன்று ஸ்பூன் என்றால் 10 முதல் 12 கிராம். மேல் பாத்திரம் 200 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், பொடியைப் போல 17 முதல் 20 மடங்கு தண்ணீர் விடுகிறீர்கள். இது பால் சேர்க்காமல் அப்படியே குடிக்கும் கறுப்புக் காப்பிக்கு உரிய விகிதம். அப்படிக் குடிப்பவர்கள் 15, 16 மடங்கு தண்ணீர் விடுவார்கள். இறங்குவது குடிக்கிற பதத்தில் இருந்தால் அவர்களுக்குப் போதும். நீங்கள் அதன்மேல் அதே அளவுக்கோ இரண்டு பங்கோ பாலை ஊற்றுகிறீர்கள். பிறகு அது எப்படி நிற்கும்? பால் காப்பிக்கான டிகாஷன் தனியாகக் குடிக்க முடியாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர், பொடியின் எடையைப் போல ஐந்து மடங்கு, மிஞ்சிப் போனால் ஆறு மடங்கு.

சமையலறைத் தராசு இருந்தால் ஒரு வாரத்துக்கு மட்டும் அதில் நிறுத்துப் போடுங்கள், பிறகு கை பழகிவிடும். மூன்று டம்ளருக்கு 30 கிராம் பொடி, 150 மில்லி தண்ணீர். குவித்த மேசைக்கரண்டியில் ஏறக்குறைய ஐந்து. ஊற்றிய 150 மில்லியும் கீழே வராது. பொடி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 கிராம் பொடி 60 மில்லியைக் குடித்துவிட, கீழே 90 மில்லி நிற்கும். டம்ளருக்கு 30 மில்லி டிகாஷன், 100 அல்லது 110 மில்லி பால் என்று மூன்று டம்ளருக்குச் சரியாக இருக்கும். இன்னும் ஸ்ட்ராங்காக வேண்டுமானால் டம்ளருக்கு 40 மில்லியாக ஏற்றிக்கொள்ளலாம், அதற்குப் பொடியையும் கூட்ட வேண்டும். தண்ணீரை மட்டும் கூட்டினால் பழைய கதைதான்.

பொடி இவ்வளவு ஆகிறதே என்று தோன்றும். டம்ளருக்கு 10 கிராம் என்றால் அரைக் கிலோவில் 50 டம்ளர் வரும். இரண்டாவது டிகாஷன் எடுப்பதில் தப்பில்லை, ஆனால் அதை முதல் டிகாஷன் இருக்கும் பாத்திரத்திலேயே இறங்கவிடாதீர்கள். தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த ரவுண்டு காப்பிக்கு முதல் டிகாஷனில் பாதியும் இதில் பாதியுமாகச் சேர்க்கலாம். மூன்றாவது தடவை ஊற்றினால் நிறம் மட்டும்தான் வரும்.

பலர் கவனிக்காத ஒன்று ஃபில்டரின் அளவு. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஆறு பேருக்கான ஃபில்டர் இருந்தால், அதில் 20 கிராம் பொடி போட்டால் அடியில் ஒரு மெல்லிய படலமாகப் பரவும். தண்ணீர் அந்தப் படலத்தைக் கடந்து ஒரே ஓட்டமாகக் கீழே போய்விடும். அமுக்கிய பிறகு பொடி ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் உயரமாவது நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் எந்தப் பொடி போட்டாலும் கெட்டியாக வராது. ஆகவே வீட்டில் விருந்தாளி வந்தால் ஒரு பெரிய ஃபில்டர், தினப்படிக்கு ஒரு சின்ன ஃபில்டர் என்று இரண்டு வைத்திருப்பது ஆடம்பரம் இல்லை. புதுப் பிராண்டு தேடிச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் ஃபில்டர் வந்துவிடும்.

இனி, சிக்கரி இல்லாத பொடியில் ஏன் இன்னும் மோசமானது என்ற புதிர். சிக்கரி ஒரு செடியின் வேர். உலர்த்தி, வறுத்து, அரைத்துச் சேர்க்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. அதில் காஃபின் கிடையாது. காப்பிப் பொடியில் தண்ணீரில் கரையக்கூடியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், சிக்கரியிலோ பாதிக்கும் மேல் கரைந்துவிடும். அதனால் கொஞ்சம் சேர்த்தாலே நிறமும் கெட்டியும் கூடும். இன்னொரு வேலையும் செய்கிறது: ஈரம் பட்டதும் பிசுபிசுத்து, பொடித் துகள்களுக்கு நடுவே அடைத்துக்கொண்டு தண்ணீரின் ஓட்டத்தைத் தடுக்கிறது. காப்பி 70-க்குச் சிக்கரி 30 என்று கலந்த பொடியில் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்கு அந்தப் பிசுபிசுப்பே முக்கியக் காரணம். அதை எடுத்துவிட்டு, அதே பருமனில் அரைத்த சுத்தக் காப்பிப் பொடியைப் போட்டால் தடை போய்விடுகிறது. இருபது நிமிஷம் இறங்க வேண்டியது ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிடும். நீங்கள் கண்டது அதுதான். சுத்தப் பொடி வேண்டும் என்றால் கடையில் அரைக்கும்போதே, சிக்கரி சேர்க்கவில்லை, ஃபில்டருக்கு, ஒரு சுற்று நைசாக அரைத்துக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். விரல் நடுவே தேய்த்தால் ரவையைவிடப் பொடியாகவும், கோதுமை மாவைவிடக் கொஞ்சம் சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும். மாவு போலவே ஆகிவிட்டால் ஓட்டைகளை அடைத்துவிடும், மீறி இறங்கினாலும் கீழே சேறு படியும்.

போடும் முறையில் நாலைந்து நுணுக்கம்தான். மேல் பாத்திரம் ஈரமில்லாமல் இருக்கட்டும். ஈரமாக இருந்தால் அடியில் உள்ள பொடி முதலிலேயே ஒட்டிக்கொண்டு ஓட்டையை மூடும். பொடியைப் போட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமமாக்குங்கள். நடுவில் தண்டு வைத்த ஓட்டைத் தட்டு, குடை மாதிரி இருக்குமே, அதை வைத்து லேசாக அழுத்துங்கள். கட்டைவிரலால் சப்பாத்தி மாவை அமுக்கிப் பார்க்கிற அளவு அழுத்தம் போதும், பலத்தைக் காட்ட வேண்டாம். குடையை எடுக்காமல் பொடியின் மேலேயே விட்டுவிடுங்கள். ஊற்றும் தண்ணீர் நேராகப் பொடியில் விழுந்தால் குழி பறித்துவிடும், பிறகு தண்ணீர் முழுவதும் அந்தக் குழி வழியே ஓடி, சுற்றியிருக்கும் பொடி பாதி நனைந்தும் நனையாமலும் நிற்கும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிஷம் விட்டு ஊற்றுங்கள். கொதிநிலையிலேயே ஊற்றினால் பாழாகிவிடும் என்பதில்லை, எவர்சில்வர் பாத்திரமே கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் வறுப்பு அதிகமான பொடியில் அந்த அரை நிமிஷம் கசப்பைக் குறைக்கிறது. ஆறிய தண்ணீர் ஊற்றுவதுதான் பெரிய தப்பு. 85 டிகிரிக்குக் கீழே போனால் சாரம் சரியாக இறங்காது. ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே இருப்பவர்கள் காத்திருக்கவே கூடாது.

முதலில் 40, 50 மில்லி மட்டும் குடையின் மேல் சுற்றி ஊற்றிவிட்டு அரை நிமிஷம் நிறுத்துங்கள். புதிதாக வறுத்த பொடியாக இருந்தால் இப்போது ஒன்றைப் பார்க்கலாம். பொடி மெல்ல உப்பி, குடையை ஒரு நூல் அளவு தூக்கும். ஓட்டைகள் வழியே வெளிர்பழுப்பு நுரை குமிழ் குமிழாக வந்து, உடைந்து, மறுபடி வரும். வறுக்கும்போது கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு வெளியேறுவதுதான் அது. அந்த வாயு இருக்கும் வரை தண்ணீர் பொடிக்குள் முழுதாக நுழையாது, அதனால்தான் அந்த அரை நிமிஷம் காத்திருக்கச் சொல்வது. நுரையே வராமல் தண்ணீர் அப்படியே உள்வாங்கினால், பொடி வறுத்து அரைத்து நாளாகிவிட்டது என்று பொருள். நுரை அடங்கியதும் மீதித் தண்ணீரை மெதுவாக ஊற்றி மூடி வையுங்கள். 15 முதல் 25 நிமிஷத்தில் பெரும்பகுதி இறங்கிவிட வேண்டும்.

சில நாள் இறங்கவே மாட்டேன் என்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் காற்று. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால், கீழே இருக்கும் காற்று வெளியேற வழியிருக்காது. டிகாஷன் ஒரு சொட்டு உள்ளே வர, ஒரு சொட்டு அளவு காற்று வெளியே போயாக வேண்டும். துணியால் பிடித்து மேல் பாத்திரத்தைச் சற்றுத் தூக்கித் திருப்பி வைத்தால் உடனே சொட்ட ஆரம்பிக்கும். உள்ளங்கையால் மேலிருந்து தட்டுவதும் கரண்டியால் பொடியைக் கிளறுவதும் வேண்டாம். கிளறினால் இறங்கும்தான், கூடவே தூளும் இறங்கும். காற்று காரணம் இல்லை என்றால், அமுக்கியது அதிகம், அல்லது அரைப்பு நைஸ், அல்லது ஓட்டை அடைப்பு.

ஓட்டை அடைப்பைக் கண்டுபிடிக்க, கழுவிய மேல் பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். இடையிடையே இருட்டாக இருந்தால் அங்கே காப்பி எண்ணெயும் தூளும் சேர்ந்து கெட்டியாகியிருக்கிறது. அடுப்புத் தணலில் காட்டி எரித்துவிடும் பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. எவர்சில்வரில் அது பலிக்கும், நிறம் மட்டும் நீலம் பாரிக்கும். ஈயம் பூசிய பித்தளையை ஒருபோதும் தீயில் காட்டக்கூடாது, ஈயம் உருகிவிடும். என்னைக் கேட்டால் இரண்டுக்குமே சோடா உப்பு நல்லது. ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போதும். ஊசியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிட்டால் அந்த ஃபில்டர் அவ்வளவுதான். இன்னொன்று, அந்த எண்ணெய்ப் படிவம் சிக்குப் பிடித்து நாற்றமெடுக்கும். புதுப் பொடி போட்டும் பழைய வாடை வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எது தப்பாகிறது என்று நீங்களே கண்டுபிடிக்க எளிய வழி, சக்கையைப் பார்ப்பது. டிகாஷன் முழுதும் இறங்கிய பிறகு குடையை மெல்ல எடுத்து உள்ளே பாருங்கள். மேற்பரப்பு சமமாக, ஒரே நிறமாக, கைபட்டால் ஈரமணல் போல இருந்தால் எல்லாம் சரி. ஓர் ஓரத்தில் விரிசலோ குழியோ இருந்தால் தண்ணீர் குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது, பொடியைச் சமமாக்காமல் ஊற்றியிருக்கிறீர்கள். மேலே பளபளவென்று சேறு மாதிரி ஒரு படலம் நின்றால் அரைப்பு நைஸாகிவிட்டது. கரண்டியால் பிளந்து பார்த்தால் உள்ளே காய்ந்த பொடி தெரிந்தால், முதல் நனைப்பைச் சரியாகச் செய்யவில்லை.

இவ்வளவும் சரியான பிறகுதான் பொடியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. கடையில் கேட்கும் பெயர்கள் குழப்பலாம். பிளாண்டேஷன் ஏ என்பது பழத்தோல் நீக்கி, கழுவிப் பதப்படுத்திய அரேபிகா இனக் கொட்டையில் பெரிய ரகம். செர்ரி என்பது பழத்தோடு அப்படியே காயவைத்து எடுத்தது. ரொபஸ்டா வேறு இனம். காஃபின் அரேபிகாவில் ஏறக்குறைய 1.2 சதவீதம் என்றால் இதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மணம் குறைவு, உடம்பும் கசப்பும் அதிகம். பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைவது. உருண்டையாக இருப்பதால் சமமாக வறுபடும் என்பார்கள், அதில் நியாயம் உண்டு. பீபெரி என்றாலே மணம் கூடுதல் என்பது மட்டும் அவ்வளவு உறுதியில்லை, எந்தத் தோட்டத்துக் கொட்டை என்பதும் எப்போது வறுத்தது என்பதும் அதைவிடப் பெரிய விஷயம்.

பால் காப்பிக்கு முழுக்க அரேபிகா வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. பிளாண்டேஷன் ஏ-யும் பீபெரியும் சேர்ந்து முக்கால் பங்கு, கழுவிப் பதப்படுத்திய ரொபஸ்டா கால் பங்கு என்று கலந்தால் பாலில் மூழ்கிப் போகாத ஒரு பிடிப்பு வரும். சிக்கரி சேர்ப்பது கலப்படம் என்று சிலர் கோபப்படுகிறார்கள். அளவைச் சொல்லி விற்றால் அது கலப்படம் இல்லை, ருசி சம்பந்தப்பட்ட விஷயம். சட்டப்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, எத்தனை சதவீதம் எது என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். அதைப் படித்துப் பாருங்கள். சில பாக்கெட்டுகளில் 53-க்கு 47 என்று இருக்கும், விலை மட்டும் 80-க்கு 20 கலவைக்கு அருகில் இருக்கும். சிக்கரி காப்பியைவிட மலிவு என்பதால் வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆரம்பிக்கிறவர்களுக்கு 85-க்கு 15 அல்லது 80-க்கு 20 என் பரிந்துரை. 30-ஐத் தாண்டினால் வேரின் கருகிய இனிப்புத்தான் முன்னால் நிற்கும். சிக்கரியில் இனுலின் என்ற நார்ச்சத்து இருக்கிறது. சிலருக்கு அதனால் வயிறு உப்பும், அவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிராண்டைவிட முக்கியம் தேதி. ஒரு வாரம், பத்து நாளுக்கு ஆகிற அளவு, அதாவது 200 அல்லது 250 கிராமுக்கு மேல் ஒரே தடவையாக வாங்காதீர்கள். அரைத்த நிமிஷத்திலிருந்து மணம் போய்க்கொண்டே இருக்கிறது. கடையில் அரைத்துக் கொடுத்த பொடி சூடாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் ஆறவிட்டு, பிறகு இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். ஈரக் கரண்டி கூடாது. பெருங்காயமும் மிளகாய்ப் பொடியும் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்துத் தினம் எடுத்துத் திறந்தால், குளிர்ந்த பொடியின் மேல் வெளிக்காற்றின் ஈரம் படிந்து கெட்டுப் போகும். நிறைய வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சின்னச் சின்னப் பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் போட்டு, ஒவ்வொன்றையும் முழுதாக அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரியுங்கள்.

தண்ணீரையும் ஒரு தடவை சோதித்துவிடலாம். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் காப்பி மொட்டையாக, மண் வாடையோடு இருப்பதைப் பொடியின் குறையாக நினைத்துக்கொள்கிறார்கள். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், காப்பியின் மெல்லிய புளிப்பை அடித்துவிடும். அந்தப் புளிப்புப் போனால் ருசியில் கசப்பு ஒன்றுதான் மிஞ்சும். ஒரு நாள் கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் காப்பிக்கு மட்டுமாவது அந்தத் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை, ஆனால் உப்பு முழுதும் போன தண்ணீரில் ருசி கொஞ்சம் வெறுமையாக வரும்.

பாலுக்கு வருவோம். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டில் 4.5, ஃபுல் கிரீமில் 6. காப்பிக்கு 4.5 அல்லது 6 எடுங்கள், அதில் தண்ணீர் சேர்க்காதீர்கள். சாம்பல் நிறத்துக்குத் தண்ணி டிகாஷனே முதல் காரணம், தண்ணி கலந்த பால் இரண்டாவது. கெட்டி டிகாஷன் கெட்டிப் பாலில் விழுந்தால் செம்பழுப்பு வரும். பால் ஒரு பொங்கு பொங்கியதும் இறக்கி, அப்போதே கலந்துவிட வேண்டும். மறுபடி மறுபடி சுடவைத்த பாலில் வெந்த வாடை ஏறி, காப்பி மணத்தை அமுக்கிவிடும். டிகாஷன் ஆறியிருப்பதால் காப்பி சூடாக இருக்காதோ என்று பயப்பட வேண்டாம். 95 டிகிரியில் இருக்கும் 110 மில்லி பாலை 30 டிகிரியில் இருக்கும் 30 மில்லி டிகாஷனில் விட்டால் கலவை 80 டிகிரிக்கு மேல் நிற்கும். டம்ளரும் டபராவும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இரண்டு தடவை ஆற்றினால் குடிக்கும் சூட்டுக்கு வரும், சர்க்கரையும் கரையும், நுரையும் நிற்கும். நாலைந்து தடவை ஆற்றினால் நுரைதான் அழகாக இருக்கும், காப்பி ஆறிப் போயிருக்கும்.

டிகாஷனை மட்டும் நேராக அடுப்பில் வைத்துச் சுடவைக்காதீர்கள். மணம் முதல் ஆவியிலேயே போய்விடும், மிச்சம் கசந்து நிற்கும். ஆறியது பிடிக்கவில்லை என்றால் கீழ்ப் பாத்திரத்தைச் சுடுதண்ணீர் உள்ள கிண்ணத்தில் இரண்டு நிமிஷம் இறக்கி வைக்கலாம். இரவு போட்டு வைத்துக் காலையில் எடுப்பது பல வீடுகளில் வழக்கம், குடிக்க முடியாமல் போகாது. ஆனால் எட்டு மணி நேரத்தில் மணம் குறைந்து லேசாகப் புளிப்புத் தட்டும். காலையில் இருபது நிமிஷம் முன்னால் எழ முடியாதவர்களுக்குச் சொல்வது, இரவிலேயே பொடியைப் போட்டுக் குடையை வைத்து மூடிவிடுங்கள், எழுந்ததும் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டுப் பல் தேய்க்கப் போங்கள். மிச்ச டிகாஷனை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். கலக்கும்போது பால் திரிந்தால் பெரும்பாலும் பாலில்தான் கோளாறு: காப்பியின் புளிப்பு பாலைத் திரிக்கப் போதாது, ஏற்கெனவே புளிக்கத் தொடங்கிய பாலுக்கு அது கடைசித் தள்ளு.

ஹோட்டல் காப்பி மாதிரி வரவில்லை என்ற வருத்தத்துக்கு ஒரு வார்த்தை. அங்கே காலையிலிருந்து டிகாஷன் இறங்கிக்கொண்டே இருக்கிறது, பால் கொதித்துக்கொண்டே இருக்கிறது, டம்ளருக்குப் பொடியும் சர்க்கரையும் நாம் வீட்டில் போடுவதைவிட அதிகம். டிகிரி காப்பிக்குத் தனிப் பொடி ஏதும் உண்டா என்று கேட்டிருந்தீர்கள், இல்லை. அந்தப் பெயர் பாலின் தரத்தை அளக்கும் லாக்டோமீட்டரின் டிகிரியிலிருந்து வந்தது என்பார்கள், முதல் டிகாஷனைக் குறிப்பது என்பார்கள், சிக்கரி என்ற சொல் மருவியது என்பாரும் உண்டு. மூன்றும் செவிவழிச் செய்திகள். கும்பகோணத்தில் அந்தப் பெயருக்குப் பெருமை வந்தது தண்ணீர் கலக்காத பசும்பாலும் முதல் டிகாஷனும் சேர்ந்ததால்தான்.

உங்கள் பொடியையோ பாலையோ கண்ணால் பார்க்காமல், எழுதியதை வைத்து மட்டும் சொல்கிறேன், அதனால் இப்படிச் செய்யுங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் மிச்சம் இருக்கும் சிக்கரி கலந்த பொடியிலேயே நாளைக் காலை 30 கிராமுக்கு 150 மில்லி என்று மட்டும் மாற்றிப் பாருங்கள், மற்றதெல்லாம் பழையபடியே இருக்கட்டும். தண்ணித்தன்மை அன்றைக்கே போய்விடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கசப்பும் அதோடு போனால் பிரச்சினை அளவில்தான் இருந்தது. கசப்பு மட்டும் நின்றால் மறுநாள் ஃபில்டரைச் சோடாவில் ஊறவைத்துக் கழுவிப் போடுங்கள், அதற்கு மறுநாள் தண்ணீரை மாற்றுங்கள். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. மூன்றும் பார்த்த பிறகும் கருகல் வாடை வந்தால், வறுப்பு அதிகம். அப்போது கடைக்குப் போய், கொட்டையில் எண்ணெய் கசிந்து மினுமினுக்கும் முன்னால் இறக்கிய வறுப்பாக, அன்றைக்கு வறுத்ததிலிருந்து 200 கிராம் கேளுங்கள்.